பாராமோட்டார்: தரையை விட்டுக் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் எங்கே தவறு நடக்கிறது?

2025 ஜூலை 17. இத்தாலியின் போர்த்தோ சாந்தெல்பீதியோ என்ற கடற்கரை ஊரில், ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தருகே மோட்டார் பொருத்திய பாராகிளைடர் ஒன்று வந்து விழுந்தது. அதை ஓட்டியவர் பீலிக்ஸ் பாம்கார்ட்னர். 2012ல் சுமார் 39 கி.மீ. உயரத்தில் பலூனிலிருந்து குதித்து, ஒலியை விட வேகமாக விழுந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல நின்ற காலில் தரையிறங்கிய அதே ஆஸ்திரியர்தான். விண்வெளியின் விளிம்பு வரை போய்த் திரும்பியவரின் உயிர், 56 வயதில் ஒரு சின்ன இன்ஜினோடு கடலோரத்தில் பறந்தபோது போனது.

உடனே எழுந்த கேள்வி, "அவருக்கே இப்படின்னா மத்தவங்க கதி?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய விபத்து வானத்தில் பறந்துகொண்டிருந்தபோது நடந்தது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கும், சுற்றுலாப் போன இடத்தில் காசு கொடுத்து ஏறும் பயணிகளுக்கும் ஆபத்து அதற்கு வெகு முன்னாடியே, தரையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

2025 ஜனவரியில் கோவாவின் கேரி பகுதியில், புனேவைச் சேர்ந்த 27 வயதுப் பெண்ணும் அவரை அழைத்துச் சென்ற பைலட்டும் இறந்தார்கள். அவர்களுடைய பாராகிளைடர் கிளம்பிய சிறிது நேரத்திலேயே பள்ளத்தில் விழுந்தது. அதே வாரக்கடைசியில் இமாச்சலின் தர்மசாலா அருகே 19 வயது அகமதாபாத் பெண் ஒருவர் டேக்-ஆஃப் நேரத்தில் விழுந்து உயிரிழந்தார். ஆறு மாதம் கழித்து ஜூலையில் அதே தர்மசாலா பக்கத்தில், கிளம்பிய கிளைடருக்குப் போதிய உயரம் கிடைக்காமல் இன்னொரு குஜராத் இளைஞர் பலியானார்.

இந்த மூன்றும் மோட்டார் இல்லாத பாராகிளைடர்கள். மூன்றிலும் பொதுவானது, விபத்து நடந்த நேரம். பறக்கத் தொடங்கிய உடனே. மோட்டார் சேர்ந்தால் இந்த நேரம் எளிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சில விஷயங்கள் எளிதாகின்றன, சில விஷயங்கள் மோசமாகின்றன.

பாராமோட்டார் என்றால் என்ன? பாராசெய்லிங்தானே அது?

இல்லை. கடற்கரையில் ஜீப்போ படகோ கயிறு கட்டி இழுக்க, மேலே ஒருவர் தொங்கிக்கொண்டு போவாரே, அது பாராசெய்லிங். மலைச்சரிவிலிருந்து ஓடிக் குதித்து, காற்றை மட்டும் நம்பி மிதப்பது பாராகிளைடிங். ஏலகிரியில் கேள்விப்பட்டிருப்பீர்கள், இமாச்சலின் பீர்-பில்லிங்கில் வீடியோ பார்த்திருப்பீர்கள். அதே துணி இறக்கையோடு, முதுகில் ஒரு இன்ஜினும் அதில் சுழலும் ப்ரொப்பல்லரும் சேர்ந்தால் பாராமோட்டார். மலை வேண்டாம். ஒரு மைதானமோ, கடற்கரையோ, அறுவடை முடிந்த வயலோ போதும்.

இன்ஜின் பெரும்பாலும் 2-ஸ்ட்ரோக். 80 முதல் 200 சிசி வரை. அந்தக் காலத்து ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜின் 98 சிசி, ஆகவே அளவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மொத்த எடை 20 முதல் 35 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி சிப்பம் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறார் பைலட். அப்படி ஓடும்போது தலைக்கு மேலே 20 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட துணியை நேராக நிறுத்த வேண்டும். ஒரு கையில் த்ராட்டில், இரண்டு கையிலும் பிரேக். இதைத்தான் "லாஞ்ச்" என்கிறார்கள்.

பாராமோட்டார் ஏதோ விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கவும் முடியாது. 2016ல் இந்திய விமானப்படை வீரர்கள் இதில்தான் நாட்டைச் சுற்றி 10,000 கி.மீ. அளவுக்குப் பறந்தார்கள். ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, ஒழுங்காகப் பராமரித்தால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அது சான்று.

முதல் ஆபத்து பறப்பதில் இல்லை, ஸ்டார்ட் பண்ணுவதில்

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் பவர்டு பாராகிளைடிங் சங்கம் பல ஆண்டுகளாக விபத்துத் தகவல்களைத் திரட்டி வருகிறது. அதில் கடுமையான காயங்களில் திரும்பத் திரும்ப வருவது, ஓடும் ப்ரொப்பல்லரில் கை, விரல், தோள் மாட்டிக்கொள்வது. அதுவும் தரையில் வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது.

எப்படி நடக்கிறது? த்ராட்டில் கேபிள் எங்கோ சிக்கியிருக்கும். அல்லது ஸ்டார்ட் செய்யும் அவசரத்தில் கை தெரியாமல் த்ராட்டிலை அழுத்தியிருக்கும். இன்ஜின் உயிர் பெற்ற மறு நொடி முழு வேகத்துக்குப் போகும். 50, 60 கிலோ தள்ளுவிசையோடு இயந்திரம் ஆளை நோக்கிப் பாயும். மனித உடம்பு இதற்கு என்ன செய்யும்? கையை நீட்டித் தடுக்கும். அந்தக் கை நேராகப் போவது ப்ரொப்பல்லருக்குள்.

சுற்றிலும் கூண்டு இருக்கிறதே என்று தோன்றலாம். அந்தக் கூண்டில் உள்ள வலை, முக்கியமாகக் கயிறுகள் உள்ளே போகாமல் தடுப்பதற்கானது. முழு வேகத்தில் பாயும் இயந்திரத்தை ஒரு கை தாங்கும்போது வலை வளைந்துகொடுத்துவிடும். சுமார் 1.25 மீட்டர் நீள ப்ரொப்பல்லரின் நுனி, முழு வேகத்தில் மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் சுற்றுகிறது. அது கண்ணுக்கே தெரியாது.

அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் முதல் நாள் விங்கைத் தொடவே விட மாட்டார்கள். இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் எங்கே இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்த முடிகிறதா என்பதில்தான் பாடம் தொடங்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் த்ராட்டிலை அழுத்தி விட்டுப் பார்ப்பார்கள், அது தானாகத் திரும்பி வருகிறதா என்று. பின்பக்கம் ஆள் நிற்கிறாரா, குழந்தைகள் ஓடி வருகிறார்களா என்று பார்த்து, சத்தமாக எச்சரித்துவிட்டுத்தான் ஸ்டார்ட். நம் ஊர்க் கடற்கரைக் கூட்டத்தில் இந்தக் கடைசி விஷயம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். வேடிக்கை பார்ப்பவர்கள் எப்போதும் பின்பக்கம்தான் நிற்பார்கள், செல்பிக்காக.

விங்கை எழுப்புவது: காற்றோடு ஒரு பேரம்

ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்து, தரையில் விரித்துக் கிடக்கும் விங்கை தலைக்கு மேலே கொண்டுவர வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. காற்று மெதுவாக இருந்தால், விங்குக்கு முதுகைக் காட்டி நின்று, காற்றை எதிர்த்து முன்னோக்கி ஓடுவார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், விங் எப்படி எழுகிறது என்பது பைலட்டுக்குத் தெரியாது. தலைக்கு மேலே வந்த பிறகு அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். காற்று ஓரளவு வலுவாக இருந்தால், விங்கைப் பார்த்தபடி நின்று, அதை எழுப்பி, நேராகிவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகு திரும்பி ஓடுவார்கள். இரண்டாவது முறை கற்றுக்கொள்ளக் கஷ்டம். ஆனால் பார்த்துவிட்டு முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது.

எந்த முறையானாலும் காற்றுக்கு நேர் எதிராகத்தான் கிளம்ப வேண்டும். சீரான 5 முதல் 15 கி.மீ. வேகக் காற்று புதியவர்களுக்கு வசதியானது. விங்கின் பறக்கும் வேகமே மணிக்கு 30 முதல் 50 கி.மீ.தான் என்பதை நினைவில் வைத்தால், 25 கி.மீ. வேகத்தில் விட்டு விட்டு வீசும் காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். காற்றின் வேகத்தை விட அதன் ஏற்ற இறக்கம் தான் ஆளைக் கவிழ்க்கிறது. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து சூடான காற்றுக் குமிழ்கள் கிளம்பும். அனுபவசாலிகள் காலையில் வெயில் ஏறுவதற்குள்ளும், மாலை வெயில் தாழ்ந்த பிறகும் பறப்பது இதற்காகத்தான். நண்பகல் 12 மணிக்கு "வாங்க சார், இப்பவே போலாம்" என்று ஒருவர் கூப்பிட்டால், அவர் காற்றைப் பார்க்கவில்லை, கல்லாவைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, விங் தலைக்கு மேல் நேராவதற்கு முன்பே முழு த்ராட்டிலைக் கொடுப்பது. விங் இன்னும் பின்னால் இருக்கும்போது இன்ஜின் முன்னால் தள்ளினால், கயிறுகள் கூண்டின் மேல் அழுந்தும். கூண்டு வளைந்து, சமயத்தில் கயிறு ப்ரொப்பல்லருக்குள்ளேயே போய்விடும். கயிறு அறுந்தால் அன்றைய பறத்தல் தரையிலேயே முடியும். அறுந்தது கவனிக்கப்படாமல் மேலே போனால் கதை வேறு.

ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும் விங்கை என்ன செய்வது? அது சாயும் பக்கமாகவே ஓடி, அதன் அடியில் போய் நிற்க வேண்டும். உள்ளுணர்வு நேர் மாறாகச் சொல்லும், எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லும். இந்த உள்ளுணர்வை மாற்றுவதற்கே பல மணி நேரம் தரையில், மோட்டார் இல்லாமல், வெறும் விங்கோடு பயிற்சி எடுக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது பெரிய பட்டம் விடுவது போல இருக்கும். சலிப்பான வேலைதான். பாராமோட்டார் கற்றுக்கொள்வதில் பெரும் பங்கு இந்த வேலை என்றால் மிகையில்லை.

'உட்கார்ந்தார், விழுந்தார்'

விங் மேலே வந்துவிட்டது, நேராக இருக்கிறது, பைலட் ஓடுகிறார், த்ராட்டில் முழுமையாக. கால் தரையிலிருந்து லேசாக எழும்புகிறது. இந்த நொடியில் மனசு சொல்லும்: "பறந்துட்டோம், உட்காரு."

உட்கார்ந்தால் போச்சு. விங் இன்னும் முழு எடையைத் தாங்கும் வேகத்துக்கு வந்திருக்காது. உடம்பு கீழே இறங்கும், கால் முன்னால் நீண்டிருக்கும், தரையில் முதலில் படுவது முதுகில் இருக்கும் இயந்திரம். ப்ரொப்பல்லர் உடையும், கூண்டு வளையும், முதுகெலும்பும் இடுப்பும் தப்பினால் அதிர்ஷ்டம். கால் தரையை விட்ட பிறகும் காற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கச் சொல்லித்தருவது இதனால்தான். பார்க்கக் கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஆனால் அந்த இரண்டு மூன்று தப்படிகள்தான், விங் ஒரு கணம் இறங்கினாலும் காலால் தாங்கிக்கொள்ள உதவுகின்றன.

இன்னொரு தவறு பிரேக்கில். சீக்கிரம் மேலே போக வேண்டும் என்ற ஆசையில் பிரேக்கை இழுத்துப் பிடிப்பார்கள். முழு த்ராட்டிலில் விங்கின் முனை ஏற்கெனவே மேல் நோக்கியிருக்கும். அதோடு பிரேக்கும் அதிகமானால் விங் காற்றோட்டத்தை இழந்து நின்றுவிடும். போதாக்குறைக்கு, ப்ரொப்பல்லர் ஒரு பக்கம் சுழல, பைலட்டின் உடம்பை அது எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். குறைந்த வேகத்தில், முழு த்ராட்டிலில், ஒரு பக்க பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் பைலட் விங்குக்குக் கீழே பம்பரம் போலச் சுற்றிக்கொள்வார். 300 மீட்டர் உயரத்தில் இதைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. 15 மீட்டரில் இல்லை. அந்த உயரத்தில் ரிசர்வ் பாராசூட் விரிவதற்கும் நேரம் போதாது.

கிளம்பிய பிறகு இன்ஜின் நின்றுபோனால்? 2-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கலாம், ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தள்ளுவிசை திடீரென்று நின்றவுடன் பைலட் ஊஞ்சல் போலப் பின்னால் போவார், விங் முன்னால் பாயும். உயரம் இருந்தால் இது ஒன்றுமில்லை, சாதாரண பாராகிளைடர் போல இறங்கிவிடலாம். உயரம் இல்லாதபோது ஒரே வழி, நேராக முன்னால் இருக்கும் இடத்தில் இறங்குவது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர முயல்வது பல நேரம் முதல் தவறை விடப் பெரிய தவறாக முடியும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். மின்கம்பி, தென்னை மரம், பனை மரம், செல்போன் டவர், கூட்டம். மின்கம்பி எல்லாவற்றையும் விட மோசம், தூரத்திலிருந்து கம்பம் மட்டும்தான் தெரியும்.

கடற்கரை ஏன் இரட்டை ஆபத்து?

நம் சுற்றுலாத் தொழிலில் பாராமோட்டாருக்கு மிகவும் பிடித்த இடம் கடற்கரை. நல்ல காற்று, தடையில்லாத வெளி, மணலில் விழுந்தாலும் அடி குறைவு. எல்லாம் சரி. ஆனால் பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். காற்றை எதிர்த்துக் கிளம்ப வேண்டும் என்றால், கடலை நோக்கித்தான் ஓட வேண்டும். ஏறும் நேரத்தில் இன்ஜின் நின்றால் முன்னால் இருப்பது தண்ணீர்.

தண்ணீரில் விழுந்த பைலட்டின் முதுகில் 25 கிலோ இரும்பும் அலுமினியமும் இருக்கிறது. மேலே நனைந்த துணியும், நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறும் அலையோடு சுற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிவது இங்கே பெரிதாக உதவாது. பெல்ட்டுகளைக் கழற்ற நொடிகள் போதவில்லை என்பதுதான் உலகெங்கும் பாராமோட்டார் மரணங்களில் திரும்ப வரும் கதை.

2020 அக்டோபர் 2 அன்று கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் நடந்தது இதுதான். பாராமோட்டாரில் பயணியாகப் போன இந்தியக் கடற்படை அதிகாரி ஒருவர், அது கடலில் விழுந்ததில் உயிரிழந்தார். கூடப் போன பைலட் மீட்கப்பட்டார். வாழ்நாளெல்லாம் கடலோடு பழகியவருக்கே அந்த நிலை.

காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும்போது நிலத்தை நோக்கிக் கிளம்பலாம். ஆனால் அந்தப் பக்கம் கடைகள், சவுக்குத் தோப்பு, மின்கம்பி. ஆக, இடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காற்று கரையோரமாகச் சாய்ந்து வீசும் நாள், கடலுக்கு இணையாகக் கிளம்பித் திரும்பிக்கொள்ள வசதியானது. அதற்குக் காத்திருக்கும் பொறுமை, வார இறுதிக் கூட்டத்தை நம்பித் தொழில் நடத்துபவருக்கு எவ்வளவு இருக்கும் என்பது கேள்வி. தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளும் மிதவைகள் பாராமோட்டார் சட்டகத்தில் பொருத்தக் கிடைக்கின்றன. கடலோரத்தில் பயணிகளை ஏற்றும் யாரும் அது இல்லாமல் பறக்கக் கூடாது.

சக்கர வண்டியில் உட்கார்ந்து போனால் பாதுகாப்பா?

சுற்றுலாப் பயணிகளைப் பெரும்பாலும் ஓட வைப்பதில்லை. மூன்று சக்கர ட்ரைக்கில் உட்கார வைத்து, பின்னால் பைலட் உட்கார்ந்து கிளப்புகிறார். ஓட்டத்தில் தடுமாறும் பிரச்சினை இதில் இல்லை. பதிலுக்கு வேறொன்று வருகிறது. காலில் ஓடுபவர் சாயும் விங்குக்கு அடியில் பக்கவாட்டில் நகர முடியும். சக்கரம் பக்கவாட்டில் நகராது. விங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது த்ராட்டிலைக் கொடுத்தால் ட்ரைக் அப்படியே கவிழ்ந்து உருளும். இரண்டு பேர் எடை என்பதால் ஓடுபாதையும் நீளமாக வேண்டும், விங்கும் பெரிதாக வேண்டும்.

ஒவ்வொரு விங்குக்கும் அது தாங்கும் எடை வரம்பை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பயணி, பைலட், இன்ஜின், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். உங்கள் எடை என்ன என்று கேட்காமலேயே பெல்ட்டை மாட்டுகிறார் என்றால், அந்தக் கணக்கை அவர் போடவில்லை. அங்கேயே இறங்கிவிடலாம்.

கால் பெல்ட்டும் அப்படித்தான். ஹார்னஸில் மார்பு பெல்ட்டை மட்டும் மாட்டி, தொடைப் பெல்ட்டை மறந்துவிட்டால், மேலே போனதும் உடம்பு கீழே நழுவும். முதலில் கால், பிறகு மார்பு என்ற வரிசையில் மாட்டுவது இதற்காக. பயணியே குனிந்து இரண்டு தொடையிலும் கை வைத்துப் பார்க்க ஐந்து நொடி ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் பாராமோட்டார் ஓட்ட லைசென்ஸே தேவையில்லை. 1982ல் வந்த அல்ட்ராலைட் விதிகளின்படி ஒருவர் மட்டும் பறக்கலாம், நெரிசலான பகுதிகளுக்கு மேலே போகக் கூடாது, அவ்வளவுதான். பிரிட்டனிலும் ஓடிக் கிளம்பும் வகைக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் லைசென்ஸ் வேண்டும்.

இந்தியாவில் சாகச விளையாட்டுகளைக் கண்காணிப்பது பெரும்பாலும் மாநிலங்களின் கையில். இமாச்சல் 2004லேயே வான் விளையாட்டுகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அங்கே பைலட்டுகளும் கருவிகளும் பதிவு செய்யப்பட வேண்டும், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை உண்டு. அப்படியிருந்தும் அங்கே விபத்துகள் நடக்கின்றன என்பது வேறு விஷயம். விதி இருக்கிற மாநிலத்திலேயே இந்த நிலை என்றால், கடற்கரையில் நேற்று முளைத்த ஒரு கூடாரத்தை யார் சோதிப்பது? பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் அனுமதி இருந்ததா என்று தேடுகிறார்கள். கேரி விபத்திலும் அந்த நிறுவனம் அனுமதியின்றி இயங்கியதாகப் பிறகுதான் வழக்கு பதிவானது.

அரசுகள் இந்தக் கருவியை வேறொரு கண்ணோடும் பார்க்கின்றன. 2023 அக்டோபர் 7ல் ஹமாஸ் ஆட்கள் மோட்டார் பாராகிளைடர்களில் எல்லை தாண்டினார்கள். 2025 அக்டோபரில் மியான்மரின் சகாயிங் பகுதியில் திருவிழாவுக்குக் கூடியிருந்த மக்கள் மீது ராணுவம் பாராமோட்டாரிலிருந்து குண்டு வீசியதில் 20 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போது டெல்லி காவல்துறை பாராகிளைடர், பாராமோட்டாருக்குத் தடை போடுவது வழக்கம். பாதுகாப்பு என்ற பெயரில் தடை உத்தரவு ஒரே நாளில் வந்துவிடுகிறது. பயணியின் பாதுகாப்புக்கான சோதனைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

டிக்கெட் வாங்கும் முன்

பைலட்டிடம் எத்தனை வருட அனுபவம் என்று கேட்பதை விட, கடைசியாக எப்போது காற்று சரியில்லை என்று பறக்காமல் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வராதவர் ஆபத்தானவர். லாஞ்ச் நன்றாக வராதபோது த்ராட்டிலை விட்டு, கில் சுவிட்சை அழுத்தி, விங்கைக் கீழே போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவரே நல்ல பைலட். உங்களுக்கு முன்னால் ஏறியவரை அவர் எப்படிக் கிளப்பினார் என்று பத்து நிமிடம் நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காற்றின் திசை காட்டும் துணிக் குழாயோ, குறைந்தது ஒரு ரிப்பனோ கம்பில் கட்டியிருக்கிறதா? உங்களுக்கும் ஹெல்மெட் தருகிறார்களா, அதன் பக்கிள் வேலை செய்கிறதா?

கையெழுத்துப் போடச் சொல்லும் தாளையும் படித்துப் பாருங்கள். பல இடங்களில் அது, எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே விஷயத்தைத்தான் பத்து வரியில் சொல்லும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகளில் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் பணம் கிடையாது என்ற விதிவிலக்கு, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.